பூசைக்குக் குத்திய அரிசி

புதுக்கோட்டையிலிருந்து மில் அரிசி வரத் தொடங்கிய பிறகு, அரிமளத்தில் யாரும் அழகம்மாளை நெல் குத்தக் கூப்பிடவில்லை. அன்று சாலா ஆச்சி ஆள் அனுப்பினாள்.

“நாளைக்குப் பூசைடி. சாமி பொங்கலுக்கு மெசின் அரிசி ஆகாது. கையால குத்துனதுதான் வேணும்.”

“அப்படிச் சொல்லுங்க ஆச்சி! இனிமே பழையபடி வரட்டுமா?”

“மொதல்ல இதைக் குத்து. நொய் விழாமப் பாத்துக்க.”

அழகம்மாளுக்கு உலக்கை கனக்கவே இல்லை. பூசை குறையில்லாமல் நடக்க வேண்டுமென்று மனதாரக் கும்பிட்டுக்கொண்டே குத்தினாள். ஓர் அரிசிகூட நொறுங்கவில்லை. புடைத்துக் கொடுத்தபோதுதான் கேட்டாள்.

“என்ன பூசை ஆச்சி?”

“சந்தைப்பேட்டையில நாங்க கட்டுன கட்டடத்தைப் பாத்தேல்ல? அது அரிசி மில்லுடி. நாளைக்குத் தெறப்பு. இனி ஊரு நெல்லெல்லாம் அங்கிட்டுத்தான்.”