நான்கு நிமிட வானம்

ராயபுரத்து மொட்டைமாடியில் ஹெப்சிபா மடிக்கணினித் திரையில் வெயில் விழாமல் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு குனிந்திருக்கிறாள். காலையில் வரவேண்டிய அண்ணன் ஃப்ரெடியும் இன்னும் இருவரும் போன படகு மதியமாகியும் வரவில்லை, கடல் கொந்தளிக்கிறது. தன் ஆராய்ச்சிக்காக அந்தப் படகில் செயற்கைக்கோள் கருவியைப் பொருத்தியவள் அவள்தான். தாழப் பறக்கும் செயற்கைக்கோள் ஒவ்வொன்றும் நான்கே நிமிடத்தில் கடந்துவிடும். அதற்குள் கருவி அடுத்ததற்குத் தாவ வேண்டும். படகு ஆடுகிற ஆட்டத்தில், தாவும்போதெல்லாம் தொடர்பு அறுகிறது. திரையில் தொடர்பைக் காட்டும் பச்சைக் கோடு எழுகிறது, விழுகிறது. "இன்னா சொல்லுது ஹெப்சி?" என்கிறாள் அண்ணி ஃப்ளோரா. "அண்ணன் அனுப்புற சேதி பாதியிலயே அறுந்துபோவுது அண்ணி. தாவாத, புடிச்சதையே புடிச்சுக்கினு இருன்னு கருவிக்குச் சொல்லலாம். ஆனா அந்த ஒண்ணு மறைஞ்சா, அப்புறம் அது வேற எதையும் தேடாது." ஃப்ளோரா கடலைப் பார்க்கிறாள். "சொல்லு."

கோடு எழுந்த நொடியில் ஹெப்சிபா விசையைத் தட்டுகிறாள். கோடு நடுங்குகிறது, விழவில்லை. தண்ணீர்த்தொட்டி மேல் ஒரு காகம் நகத்தை உரசுகிறது. ஒரு நிமிடம் போகிறது. இன்னொன்றும் போகிறது. பிறகு எழுத்துகள் வருகின்றன: 'என்ஜின் நின்னுபோச்சு. மூணு பேரும் பத்திரமா கீறோம்.' அதன் கீழே படகு இருக்கும் இடத்தின் எண்கள். மீன்பிடித் துறைமுகத்தில் தேடிப் போக விசைப்படகோடு காத்திருக்கும் ஜெரிக்கு அவற்றைப் போனில் இரண்டு முறை படிக்கிறாள். இரண்டாம் முறை முடிவதற்குள் கோடு படுத்துவிடுகிறது. "போய்டுச்சா?" "போய்டுச்சு அண்ணி. ஜெரி எழுதிக்கினான்." போனில் விசைப்படகு உறுமிக் கிளம்புகிறது. ஃப்ளோரா போனை வாங்கிக் காதோடு அழுத்திக்கொள்கிறாள். கரையிலுள்ள செல்போன் டவர் எட்டும் தூரம்வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கிறது.