பால் சுரக்காத தாய்

கூடத்தில் பினாயில் நெடி கண்ணைக் கரிக்கிறது. நாய் விற்பவர் கொழுகொழுவென்று ஒரு பெண் புல்டாகைக் கழுத்துப்பட்டியோடு இழுத்துவந்து நிறுத்தி, "இதாங்க அம்மா. கலப்பே இல்லாத ஜாதி" என்கிறார். குட்டி வாங்க வந்தவள், தேர்ந்தெடுத்த குட்டியைக் கையில் ஏந்தியபடியே குனிந்து அதன் வயிற்றைப் பார்க்கிறாள். பால் கட்டிய சுவடே இல்லை. "இதா பெத்துச்சு?" என்கிறாள். "குட்டி வாங்க வந்தீங்களா, சம்பந்தம் பேச வந்தீங்களா?" என்று அவர் எகிறுகிறார். அவள் கணவன் அசட்டுத்தனமாகச் சிரிக்கிறான். அவள் முறைத்ததும் அந்தச் சிரிப்பு உதட்டிலேயே காய்கிறது. கையிலிருந்த குட்டியை அவள் தரையில் விடுகிறாள். அது பெரிய நாயை மோந்துகூடப் பார்க்காமல், வழுக்கும் தரையில் கால் பரப்பிக்கொண்டு ஓடி, பின்பக்கக் கதவைப் பிறாண்டுகிறது. கதவுக்கு அப்பால் குறட்டை போல் கேட்டுக்கொண்டிருந்த மூச்சு சட்டென்று நிற்கிறது. "திறங்க." "அங்க தட்டுமுட்டுச் சாமான்தாம்மா இருக்கு." அவர் கதவை மறித்து நின்று குட்டியைக் காலால் தள்ளுகிறார். அவள் அவரைத் தோளால் இடித்துவிட்டுத் தாழ்ப்பாளை இழுக்கிறாள். உள்ளே ஈரச் சாக்கில், குட்டிகளை அறுத்தெடுத்த வயிற்றுத் தையல் இன்னும் ஆறாமல், எலும்பும் தோலுமாக ஒரு நாய் கிடக்கிறது. அது தலையைத் தூக்கவில்லை. குட்டியின் முனகல் கேட்டதும் பின்னங்காலை மட்டும் மெல்ல விலக்கிக் கொடுக்கிறது.