எண்ணெய் விடாத கல்

ரோஸ்விதா கல்லில் எண்ணெய் விடாமலே ஸ்கேட் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

மூவாயிரம் மீட்டர் பனிச்சறுக்கில் ஆறு வருடமாக அவளை முந்த ஆள் கிடையாது. தன் கத்தியில் வேறொருவர் கை வைக்க விடமாட்டாள். முதலில் மூன்று சொட்டு எண்ணெய், பிறகுதான் கல். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்த முறை மாறியதில்லை.

நாளைக் காலை பந்தயம். கிழக்கு ஜெர்மனியிலிருந்து எல்லை தாண்டி மேற்கே, இன்ஸெலுக்கு வந்திருந்தோம். நானும் அவளும் ஒரே அறை. கதவைச் சாத்தக் கூடாது என்பது உத்தரவு. வெளியே நாற்காலி போட்டு ப்ரூக்னர் உட்கார்ந்திருந்தார். பனிக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. எங்களை எண்ணிக் கூட்டிவந்து எண்ணிக் கூட்டிப்போவதுதான் அவர் வேலை.

"என்ன பொண்ணுங்களா, சத்தத்தையே காணோம்?"

"தீட்டிக்கிட்டுதான் இருக்கோம் தோழர். உங்க மீசைக்கும் ஒரு இழுப்பு இழுக்கணுமா?" என்றேன் நான்.

அவர் சிரித்தார். ரோஸ்விதா கல்லை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

தீட்டுவதற்காக மரச்சட்டத்தில் தலைகீழாக மாட்டியிருந்த அவளுடைய ஸ்கேட் காலணிக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்று நழுவி விழுந்து விரிந்தது. சட்டென்று அதைக் காலால் மிதித்தாள். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். பிறப்புச் சான்றிதழ்.

மூவாயிரம் மீட்டர் சறுக்கப் பிறப்புச் சான்றிதழ் எதற்கு?

திரும்பிப் போகிற எண்ணம் இல்லாதவர்கள்தான் அதை எடுத்து வருவார்கள். போன வருடம் நீச்சல் அணியில் ஒருத்தி அப்படித்தான் காணாமல் போனாள். ஒரு மணி நேரத்தில் மற்ற எல்லாரையும் பஸ்ஸில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளோடு அறையில் தங்கியவளை அப்புறம் தண்ணீரில் இறங்க விடவே இல்லை.

ப்ரூக்னரிடம் ஒரு வார்த்தை சொன்னால் ரோஸ்விதாவின் கதை முடிந்தது. சொல்லாவிட்டால் என் கதை.

அவளுக்கும் அது தெரியும். என் முகத்தையே பார்த்தாள். அத்தனை பதக்கம் வாங்கியவளின் உதடு வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்க்க இன்னும் பயமாக இருந்தது.

நான் குனிந்து என் கத்தியை வேகவேகமாகத் தீட்டினேன். கல் கரகரவென்றது.

அவள் பார்வை என் முகத்திலிருந்து கைக்கு இறங்கி, அங்கேயே நின்றது.

"உன் எண்ணெய் எங்கடி?" என்றாள் மெதுவாக.

என் எண்ணெய்ப் புட்டி திறக்காமல் பைக்குள் கிடந்தது. அதற்கு அடியில், துணியில் சுற்றி, என் சான்றிதழ்.