உடம்பில்லாத சாரதாமணி

மேசை மேல் ஒரு வெள்ளித் தட்டு. தட்டில் சாரதாமணியின் தலை.

கழுத்துக்குக் கீழே எதுவுமில்லை. மேசைக் கால்களுக்கு நடுவே சிவப்புத் திரைதான் தெரிந்தது. ஒற்றை பல்பு முகத்தில் அடிக்க, தலை கண்ணைச் சிமிட்டியது. திருப்பூர்ப் பொருட்காட்சிக் கூடாரத்தில் பனியன் கம்பெனி ஆட்கள் விசிலடித்தார்கள்.

கடைசி வரிசையில் மருதம்மாள் மட்டும் விசிலடிக்கிறவர்களை முறைத்துப் பார்த்தாள். தட்டில் இருப்பது பெற்ற மகளாயிற்றே?

கண்ணாடி வேலை என்று அவளுக்குத் தெரியும். முந்தின வாரம் வந்து பார்த்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணன், "பயப்படாதீங்கக்கா, ஒடம்பு பத்திரமா கண்ணாடிக்குப் பின்னால இருக்குது" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

மேஜிக்காரன் நல்லானோடு மகள் ஊரைவிட்டுப் போய் ஒன்றரை வருடமாகிறது. எனக்கு மகளே இல்லை என்று தலைமுழுகியவள் மருதம்மாள்தான். இன்று கண் ஆஸ்பத்திரிக்கு என்று புருஷனிடம் சொல்லிவிட்டு, வெள்ளகோவிலில் பஸ் ஏறிவிட்டாள்.

"யாரு வேணும்னாலும் கேள்வி கேக்கலாமுங்க" என்றான் நல்லான்.

ஒருவன் தனக்குக் கல்யாணம் எப்போது என்று கேட்டான். இன்னொருவன் முதலாளிக்கு நல்ல புத்தி எப்போது வரும் என்றான். தலை பட் பட்டென்று பதில் சொன்னது.

மருதம்மாள் எழுந்தாள்.

அவளைப் பார்த்ததும் நல்லான் ஓரடி பின்வாங்கினான். தலையின் சிரிப்பு நின்றது.

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ யோசித்து வைத்திருந்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஒடம்பு எப்படி இருக்குது கண்ணு?"

கூடாரமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. உடம்பே இல்லாதவளிடம் கேட்கிற கேள்வியா?

சாரதாமணிக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொள்ளக் கை வெளியே வரக்கூடாது. சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து சொன்னாள்.

"ஒண்ணுக்கு ரெண்டா இருக்குதுங்கம்மா."

மறுபடியும் சிரிப்பு. பின்வரிசையில் ஒருவன் துண்டைத் தூக்கி வீசினான்.

மருதம்மாள் சிரிக்கவில்லை. மகளின் முகத்தையே சற்று நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள். நல்லானின் முகம் தொங்கிப்போனது.

நாலு கூடாரம் தள்ளி வளையல் கடை.

"கை அளவு என்னங்கம்மா?" என்றார் கடைக்காரர்.

"புள்ளத்தாச்சி கைங்க. கொஞ்சம் பெருசாவே குடுங்க. பச்சையில ஒரு டஜன், செவப்புல ஒரு டஜன்."

பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தவள், முன்வாசலில் நிற்காமல், கூடாரத்தின் பின்பக்கமாகச் சுற்றி நடந்தாள்.