முதல் பந்தியில் ஒடிசாக்காரன்

“டைல்ஸ் ஒட்ன பையன் பக்கத்துல உக்காந்துக்கினு நான் சாப்டணுமா? கெளம்பறேன்!” திண்டிவனத்துப் புது வீட்டு வாசலில் மாமனார் சுப்புராயன் கத்துகிறார். ஆனால் கால் படியிறங்கவில்லை. உள்ளே பாயசம் மணக்கிறது. கிரகப்பிரவேசத்துக்காக மஸ்கட்டிலிருந்து வந்து, அந்தப் பையனை முதல் பந்தியில் உட்காரவைத்திருக்கும் மருமகன் அருளும் விடுவதாயில்லை. “அங்க ஒரு மாளிகைக்கு மார்பிள் ஒட்டினவன்தான் மாமா நானு. வேலை முடிஞ்சதும் அந்த வீட்டம்மா, அவங்க தட்டத்துலயே கூட உக்காரவச்சி சோறு போட்டாங்க. அதுக்கு நான் எங்க போயி நன்றி சொல்றது?” இதைக் கேட்டும் கேட்காதவர்போல் வந்து உட்காருகிறார் மாமனார். பக்கத்தில் ஒடிசாக்காரன் ரஞ்சன், தான் பதித்த தரையில் ஒட்டியிருக்கும் சிமெண்ட் துளியைக் கூச்சத்தோடு விரலால் சுரண்டுகிறான். சாப்பிட்டு முடித்ததும் இலையை எதிர்ப்புறமாக மடிக்கிறான். சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள்! சுப்புராயனின் எச்சில் கை நீண்டு, அந்த இலையைத் திருப்புகிறது. “ஒம் பக்கமா மடி தம்பி. அப்பதான் ஒறவு நெலைக்கும்.”

அருள் மஸ்கட் திரும்பிவிட்டான். தை மாதம் ஒடிசாவில் ரஞ்சனுக்குக் கல்யாணம் நடந்தது. இங்கிருந்து ரயிலேறிப் போய், முதல் பந்தியில் உட்கார்ந்தது யாரென்று நினைக்கிறீர்கள்? அந்த மாமனாரேதான்.