பச்சைத் தகடு

தகட்டில் உள்ளங்கையை வைத்தாள்.

ஒன்றும் இல்லை.

மருந்து அறையின் தாழ்ப்பாளைத் தொட்டாள்.

சுருக்.

எறும்பு கடித்தது போல, ஒரு நொடிதான். விரலை இழுத்துக்கொண்டாள். கதவைத் திறக்கவில்லை.

பங்குனி வெயில் காலை ஏழு மணிக்கே மண்ணை உலர்த்தியிருந்தது. ஆலையின் கேட்டிலிருந்து இந்த அறை வரை ரப்பர் செருப்போடு இருநூறு தப்படி. அந்த நடையில் உடம்பில் மின்சாரம் கொஞ்சம் சேரும். அதை வாங்கிக்கொள்ளத்தான் வாசல் சுவரில் செம்புத் தகடு. தகட்டிலிருந்து ஒரு கம்பி. கம்பியின் மறுமுனை ஆழத்தில், ஈர மண்ணுக்குள்.

தொட்டால் இறங்கிவிடும். இறங்காமல் யாரும் உள்ளே போகக்கூடாது. உள்ளே பட்டாசு மருந்து கலப்பார்கள். ஒரு பொறி போதும்.

எல்லா நாளும் சுருக்கென்று தைப்பது தகட்டில். இன்று தாழ்ப்பாளில்.

தகட்டை உற்றுப் பார்த்தாள்.

பச்சையாக இருந்தது.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் விடுமுறையில் ஆலை முழுக்கப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி. கறுத்துக் கிடந்த தகட்டையும் போர்மேன் அழகர்சாமி விட்டுவைக்கவில்லை. தன் கையாலேயே இரண்டு பூச்சு. நடுவில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

அவளுக்குப் பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள்.

“என்னடி, வாசல்ல நின்னு சாமி கும்பிடுறியா?” என்றாள் சீனியம்மா. “வழிய விடு.”

யாருக்கும் குறுக்கே நின்று பழக்கமில்லாதவள் அவள். பஸ்ஸில்கூட எல்லோரும் ஏறிய பிறகுதான் ஏறுவாள்.

வழியை விடவில்லை. இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

சீனியம்மாவின் சிரிப்பு நின்றது.

அழகர்சாமி வந்தார்.

“தகடு வேலை செய்யல அண்ணாச்சி.”

அவளுக்கே சரியாகக் கேட்காத குரல்.

“நேத்துதான் பெயிண்ட் அடிச்சேன். கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்குது. வேலை செய்யலையாம்ல.”

“அதனாலதான் அண்ணாச்சி.”

யாரோ சிரித்தார்கள்.

வீட்டில், அரிசிப் பானைக்குப் பின்னால், ஒரு பழைய அறிவியல் புத்தகம் இருந்தது. மின்சாரப் பாடம் பாதியில் இருக்கும்போது அவள் பள்ளியை விட்டு நின்றாள். மீதிப் பாதியை அவளே முடித்தாள். சீப்பைத் தலையில் தேய்த்துத் தாள் துணுக்கைத் தூக்கிப் பார்த்தாள். டார்ச் பல்பையும் பேட்டரியையும் ஒயரால் இணைத்து எரியவிட்டாள். யாரிடமும் சொன்னதில்லை.

கேட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

“எங்க போற? ஏ பிள்ள!”

திட்டிக்கொண்டே அழகர்சாமி பின்னால் வந்தார். மற்றவர்களும் வந்தார்கள். மருந்து அறை வாசல் காலியானது. அவளுக்கு அதுவே பாதி நிம்மதி.

பேட்டரியோ தீப்பெட்டியோ கேட்டைத் தாண்டி உள்ளே போகக்கூடாது. அதனால்தான் அவள் கேட்டுக்கு வெளியே போனாள்.

வாட்ச்மேனின் டார்ச்சைக் கேட்டு வாங்கினாள். கழற்றினாள். அவர் அறையில் கிடந்த ரேடியோ ஒயரைப் பல்லால் சீவினாள். இரண்டு பேட்டரியை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே பல்பை நிறுத்தினாள்.

“அமுக்கிப் பிடி அக்கா.”

சீனியம்மா பிடித்தாள்.

பேட்டரியின் அடியிலிருந்து ஒரு ஒயர். பல்பின் பக்கவாட்டிலிருந்து ஒரு ஒயர். இரண்டு நுனியையும் சேர்த்தாள்.

பல்பு எரிந்தது.

பிரித்தாள். அணைந்தது.

இரண்டு நுனியையும் விரல்கடை இடைவெளி விட்டுக் கேட்டின் மேல் வைத்தாள். அதே பச்சை. அதே டப்பா பெயிண்ட்.

எரியவில்லை.

ஒரு கல்லை எடுத்தாள். கேட்டில் இரண்டு இடத்தில் சுரண்டினாள். புதுப் பெயிண்டில் கீறல் விழுந்தபோது அழகர்சாமியின் முகம் சுருங்கியது. அவள் பார்த்தாள். நிறுத்தவில்லை. இரும்பு தெரிந்தது.

ஒயர் நுனிகளை அங்கே வைத்தாள்.

வெயிலில் மங்கலாகத்தான் எரிந்தது. சீனியம்மா மறு கையைக் குவித்து நிழல் பிடித்தாள். குவிந்த கைக்குள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

அழகர்சாமி கடைசியாகக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

அன்று மருந்து அறை திறக்கப்படவில்லை.

மறுநாள் தகடு செம்பாக இருந்தது. பெயிண்டை மூங்கில் சில்லால் சுரண்டி, புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். சந்தனமும் குங்குமமும் பக்கத்துச் சுவருக்கு இடம் மாறியிருந்தன.

வரிசையில் அவளுக்கு முன்னால் அழகர்சாமி நின்றார். போர்மேன் வரிசையில் நின்று தகட்டைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. அவர் வாசலோடு நின்று வேலை சொல்லிவிட்டுப் போகிறவர்.

உள்ளங்கையை வைத்தார்.

வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

சீனியம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

அவர் திரும்பினார். கையை வேட்டியில் துடைத்தார்.

“நீ எத்தனாவது வரைக்கும் படிச்ச?”

வேலைக்குச் சேர்ந்த அன்றும் இதையேதான் கேட்டார். அன்று அவள் தரையைப் பார்த்து, படிக்கவில்லை என்று சொல்லியிருந்தாள்.

இப்போது தகட்டைப் பார்த்தாள். அதில் அவள் முகம் செம்பு நிறத்தில் தெரிந்தது.

“படிச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி.”

கையை வைத்தாள்.