இசக்கியின் தட்டு

விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி, பொங்கல் விழா என்று அந்தப் பருவம் முழுக்க ஓடியாடிக் களைத்திருந்த ஜெசிந்தா டீச்சருக்கு, ஆண்டு விழா நெருங்குகிற நேரத்தில் கோலாட்டத்தில் ஓர் ஆள் குறைந்துபோனது. நின்றுபோனவள் இசக்கி; பள்ளிச் சுவருக்கு அந்தப்புறம்தான் அவள் வீடு. "படிச்சது போதும் டீச்சர். கைப்பிள்ளையப் பாக்க ஆள் வேணும்லா," என்று அவளுடைய அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். இசக்கியிடம் இருந்த கோல்களைத் திருப்பிக் கேட்க டீச்சருக்கு மனம் வரவில்லை. வேறொருத்தியைச் சேர்க்கலாமென்றால் பிள்ளைகள் மசியவில்லை. "அவ எடம் அப்படியே கெடக்கட்டும் டீச்சர்," என்றாள் முத்துக்கனி.

ஒருத்தி தட்ட, அடுத்தவள் வாங்கித் தட்ட, சத்தம் வட்டத்தைச் சுற்றிவரும் ஆட்டம் அது. மேடையில் அந்தக் காலி இடம் வந்ததும் முத்துக்கனி வெறுங்காற்றில் கோலை வீசினாள். ஒரு தட்டு கேட்காமல் போனது. தலைமையாசிரியர் முகத்தைச் சுளித்தார். இரண்டாவது சுற்றிலும் அப்படித்தான். மூன்றாவது சுற்றில் முத்துக்கனியின் கோல் காற்றில் போனபோது, 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அடுத்த சுற்றிலும் பிசகாமல் அதே இடத்தில். பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. சுவர்ப் பக்கம் காதைக் கொடுத்தபடியே ஜெசிந்தா டீச்சர், ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கையைத் தாழ்த்தினார். இன்னும், இன்னும் குறையுங்கள் என்று.